கருவி ஓடிய நாள்

எங்கள் கம்பெனியில் கையால் கம்ப்யூட்டர் கோட் எழுதுவது குற்றம். தாமதமாக வரலாம், மீட்டிங்கில் தூங்கலாம், அடுத்தவர் செய்த வேலைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். இதற்கெல்லாம் மன்னிப்பு உண்டு, சிலதுக்குப் பதவி உயர்வும் உண்டு. கையால் எழுதுவதற்கு மட்டும் கிடையாது.

இது தெரியாமல் நான் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் மிஷின் ஓட்டுகிறார். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து ஓட்டுகிறார், இன்றைக்கும் அங்கே அவர் தற்காலிகத் தொழிலாளிதான். அதனால் எங்கள் வீட்டில் "நிரந்தரம்" என்பது சாதாரண வார்த்தை இல்லை. எனக்கு வேலை கிடைத்த அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "நிரந்தரமாம்மா?" ஆறு மாதம் பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம் என்றேன். அன்றிலிருந்து அம்மா காலண்டரைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. எனக்குக் கிடைத்த முதல் வேலை சின்னது. நோயாளியின் விவரம் பதியும் இடத்தில் ஒரே ஒரு போன் நம்பருக்குத்தான் இடம் இருந்தது. அந்தப் போன் அணைந்திருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு யாருக்கும் போய்ச் சேராது. ஒரு நர்ஸ் போன் செய்து, முடிவு வந்து ஒரு வாரம் ஆகியும் ஒரு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை, இன்னொரு நம்பர் எழுத ஒரு கட்டம் கொடுத்தால் உங்கள் கை கால் எல்லாம் நன்றாக இருக்கும் என்று கெஞ்சியிருந்தாள். அந்த இரண்டாவது கட்டம்தான் என் வேலை. மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்றேன்.

ஆர்க்கிடெக்ட் சிரித்தார். இவர் வீடு கட்டுபவர் அல்ல. மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று படம் போடுபவர். படத்தில் பெட்டிகள் இருக்கும், பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி இருக்கும். அவர் கோட் எழுதிப் பார்த்தவர்கள் யாரும் இப்போது பணியில் இல்லை.

"எப்படி முடிப்ப? கையாலயா?"

தரையில் விழுந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாயா என்று கேட்கும் அதே தொனி. இங்கே யாரும் கையால் எழுதுவதில்லை என்று சொன்னார். கருவி எழுதும். நாம் மேலே ஒரு சின்னக் குறி மட்டும் போட வேண்டும். நம் கோட் மெஷினுக்குப் புரியும்படி மாறுவதற்குப் பெயர் கம்பைல். அந்த நேரத்தில் கருவி எழுந்து வந்து, குறியைப் பார்த்து, மிச்சம் மீதி எல்லாவற்றையும் தானே எழுதிவிடும். எழுதிய ஃபைலின் தலையில் "இது கருவி எழுதியது, கையால் தொடாதே" என்று ஒரு வரி போடும். நாலு வருஷமாக இந்தக் கம்பெனியில் கருவிதான் எழுதுகிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கருவி அறிமுக வகுப்பு நடந்தது. ஆர்க்கிடெக்ட் திரையில் ஒரு குறியைக் காட்டினார். அடுத்த படத்தில் முந்நூறு வரி கோட் மேலிருந்து பூ மாதிரி உதிர்ந்து விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு, இதை ஒருமுறை நேரில் ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டுத் தொலைத்தேன்.

தட்டிய கைகள் அப்படியே நின்றன. அவர் கோபப்படவில்லை. பாவம் பார்த்தார். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்பது முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு வரும் பழக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்.

அப்புறம் முக்கியமான விதியைச் சொன்னார். கருவி எழுதும் ஃபைல்கள் ஒரு தனி ஃபோல்டரில், பொது மெஷினில் மட்டும் இருக்கும். கம்பெனியின் பாதுகாப்புக் கிடங்கில் அவற்றை வைக்கக் கூடாது. வேறு எங்கும் பிரதி எடுக்கவும் கூடாது. ஏனென்றால் எப்போது வேண்டுமானாலும் கருவி மறுபடி எழுதிக்கொள்ளும். பிரதி எடுத்து வைப்பது கருவியைச் சந்தேகப்படுவதற்குச் சமம்.

சீட்டுக்கு வந்து "ஐந்தே நிமிடத்தில் கருவி" என்ற வழிகாட்டியைத் திறந்தேன். அது சொன்னபடி குறி போட்டேன். கம்பைல் செய்தேன். எரர். நீ கேட்கும் கோட் இங்கே இல்லை, அதனால் கம்பைல் செய்ய மாட்டேன் என்றது. இருக்காதுதான். கருவி வந்து எழுதினால்தானே இருக்கும். கருவி எப்போது வரும்? கம்பைல் ஆகும்போது வரும்.

போய்க் கேட்டேன். "கம்பைல் ஆனாத்தான் கருவி எழுதும்மா" என்றார் ஆர்க்கிடெக்ட்.

"கருவி எழுதினாத்தான் கம்பைல் ஆகும் போல சார்."

"ரொம்ப சரி. இப்ப உனக்குப் புரிய ஆரம்பிச்சிருச்சு."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று எங்கள் அம்மா சொல்வாள். அவள் ஐந்தாம் வகுப்பு. இதைப் படம் போட்டு விளக்கத் தெரியாததால் ஆர்க்கிடெக்ட் ஆகவில்லை.

அடுத்த வாரம் முழுக்க வெர்ஷன் பார்த்தேன். கருவிக்கு ஒரு துணைக்கருவி உண்டு. இன்ன வெர்ஷன் கருவிக்கு இன்ன வெர்ஷன் துணைக்கருவிதான் ஒத்துப்போகும், ஜாதகப் பொருத்தத்தைவிட மோசம். எங்கள் வழிகாட்டி சொன்ன ஜோடியில் துணைக்கருவியை அதைச் செய்தவர்களே கைவிட்டு வருஷக்கணக்கு ஆகியிருந்தது. நானே தேடிப் பொருத்தமான ஜோடியைப் பிடித்தேன். அப்போதும் அதே எரர்.

ஆரம்ப நிலை உதவிக் குழு என்று ஒன்று மூன்றாம் மாடியில் இருந்தது. கண்ணாடி அறை, பெரிய மேஜை, மேஜை மேல் பிளாஸ்டிக் செடி. அங்கே இருந்தவர், ஆரம்ப நிலையை முடித்தவர்களின் கேள்விகளை மட்டும்தான் எடுத்துக்கொள்வோம் என்றார். ஆரம்ப நிலையை முடித்துவிட்டால் நான் ஏன் இங்கே வருகிறேன் என்று கேட்டேன். அதனால்தான் எங்களுக்கு இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை என்று சுவரைக் காட்டினார். சிறந்த உதவிக் குழு என்ற கேடயம் தொங்கியது.

மறுபடி ஆர்க்கிடெக்டிடம் போய், திரை கொள்ளாமல் வழிந்த எரரைக் காட்டினேன். அவர் அதைக் கோயில் கல்வெட்டைப் படிப்பது போல் நின்று படித்தார். "எரர் வருதுன்னா கருவி உன்கிட்ட பேச ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். நீதான் கேக்க மாட்டேங்கிற." கருவி அவரிடம் என்ன பேசியிருக்கிறது என்று கேட்டேன். தன்னிடம் அது மௌனமாகத்தான் இருக்கும், அது முதிர்ச்சியின் அடையாளம் என்றார்.

மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. என்னை உறுத்தியது ஒன்றுதான். எனக்கு மட்டும்தான் ஓடவில்லை. கேட்ட எல்லோரும் "எனக்கு ஓடுதே" என்றார்கள். சொல்லும்போதே கை போய்த் திரையை மூடியது. பக்கத்து சீட் அக்கா மட்டும் கொஞ்சம் அன்பாகப் பேசுவாள். ஒருநாள் அவள் பின்னால் போய் நின்றேன். திரையில் இருந்த ஃபைலின் தலையில் "கையால் தொடாதே" வரி. அதற்குக் கீழே அவளுடைய இரண்டு கையும் மழை கொட்டுவது மாதிரி டைப் அடித்துக்கொண்டிருந்தன.

என்னைப் பார்த்ததும் துள்ளி விழுந்தாள். "கருவிக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்றேன்டி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ரொம்ப நேரா போற. கொஞ்சம் சாஞ்சு போ. பிழைச்சுக்குவ" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. படித்த பெண்ணுக்கு இதுகூடப் புரியாதா என்று நீங்கள் கேட்கலாம். படித்ததால்தான் புரியவில்லை. மூன்று மாடி முழுக்க இத்தனை பேர், இத்தனை கேடயம். இவ்வளவு பேரும் சேர்ந்தா பொய் சொல்வார்கள் என்று நினைத்தேன். தப்பு என் பக்கம்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் என் குடும்பத்தில்தான் யாருக்கும் இது பழக்கமில்லை.

பரிசோதனை மேடம் கூப்பிட்டனுப்பினாள். எல்லா ஃபைலின் தலையிலும் அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. வரிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை இல்லை, அதைக் கேட்பது நாகரிகமும் இல்லை. ஆறு மாதம் முடியப் போகிறது, என் பெயரில் கருவி எழுதிய ஃபைல் ஒன்றுகூட இல்லை, இந்த வாரத்துக்குள் வரவில்லையென்றால் நிரந்தரம் பற்றிப் பேச வேண்டியதில்லை என்றாள். வேறு வேலை தேடுவதாக இருந்தால் நல்ல சான்றிதழ் தருவதாகவும் சொன்னாள். மனசு நல்ல மனசு.

அன்று வீட்டில் அம்மா கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு இரண்டு பேரும் அவ்வளவு கஷ்டப்பட்டார்கள்.

மறுநாள் காலையில் வழிகாட்டியை மூடி வைத்தேன். கம்பைல் எப்படி நடக்க வேண்டும் என்று பொது மெஷினுக்குச் சொல்லும் ஃபைல் ஒன்று உண்டு. ஆர்க்கிடெக்ட் நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. அதை முதல் வரியிலிருந்து படித்தேன். அதற்கு முன் யாரும் படித்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் அதில் அவர் இரண்டு இடத்தில் தன் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்.

கருவியின் பெயர் அதில் இருந்தது. ஆனால் "கம்பைல் நேரத்தில் கூப்பிட வேண்டியவை" என்ற பகுதியில் இல்லை. "கூடவே எடுத்துப்போக வேண்டியவை" என்ற பகுதியில் இருந்தது. அதாவது டிரைவரை டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டு, வண்டி ஏன் நகரவில்லை என்று நாலு வருஷமாக யாரும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு வரியை வெட்டினேன். மேலே கொண்டுபோய் ஒட்டினேன். எண்டர் தட்டினேன்.

கருவி ஓடியது. முதல் முறையாக அது என்னிடம் பேசியது. "பழைய வெளியீடுகளை அழிக்கிறேன்" என்றது. எழுதுவதற்கு முன் தன் ஃபோல்டரைச் சுத்தம் செய்துகொள்வது அதன் வழக்கம். தான் எழுதியதைத் தானே அழித்துத் தானே மறுபடி எழுதும், நல்ல கருவி எல்லாமே அப்படித்தான். பிறகு குறிகளைத் தேடியது. மொத்தக் கம்பெனியிலும் ஒரே ஒரு குறிதான் இருந்தது, என்னுடையது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரண்டாவது போன் நம்பருக்கான கோட் வரிகளைத் துப்புரவாக எழுதியது. தலையில் அதன் வரியைப் போட்டது. "வெற்றி" என்றது.

நான் அழுதுவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். அக்காவைத் திரும்பிப் பார்த்து, "ஓடிருச்சுக்கா" என்றேன்.

அக்கா தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "எது ஓடிருச்சு?" என்றாள்.

ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு தளம் முழுக்க நாற்காலிகள் நகர்ந்தன. அந்த ஃபோல்டரில் நாலு வருஷமாக இருந்த அத்தனை ஃபைலும் போய்விட்டன. ஒன்று மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய பிரதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரம் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய புதியது மொத்தமும் காலி.

பதற வேண்டாம், குறிகள் இருக்கின்றனவே, கருவி மறுபடி எழுதிக்கொள்ளுமே என்று நான்தான் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னேன். அக்காதான் என்னைத் தனியே இழுத்து விஷயத்தைச் சொன்னாள். யாரும் குறி போட்டதே இல்லை. போட்டு என்ன ஆகப்போகிறது? எல்லோரும் கையால் எழுதி, அந்தத் தலைவரியையும் கையால் எழுதி, ஃபோல்டரில் வைத்து வந்திருக்கிறார்கள். கருவி இந்தக் கம்பெனியில் அன்றுவரை ஒரு எழுத்துக்கூட எழுதியதில்லை.

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு, தங்கள் தங்கள் மெஷினின் மூலை முடுக்கிலிருந்து ரகசியப் பிரதிகளை வெளியே எடுத்தார்கள். அக்காவுடையது "கல்யாண ஆல்பம்" என்ற ஃபோல்டரில் இருந்தது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பரிசோதனை மேடத்திடமும் நூறு ஃபைல் இருந்தது, "சமையல்" என்ற பெயரில். ஆர்க்கிடெக்ட் கருவிக்கென்று தனியாக மாதிரி ஃபைல்கள் வைத்திருந்தார், அறிமுக வகுப்பில் உதிர்ந்த அந்த முந்நூறு வரி. அதுவும் கையால் எழுதியதுதான், "தியானம்" என்ற ஃபோல்டரில் இருந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தன. டிரைவரை மறுபடி டிக்கியில் போட்டார்கள்.

மறுநாள் காலையில் முதல் உத்தரவு வந்தது. கையால் எழுதிய ரகசியப் பிரதிகள் ஒன்றுகூட யாரிடமும் இருக்கக் கூடாது, உடனே அழிக்க வேண்டும். கையால் எழுதியதற்கு அத்தாட்சி இருந்தால் கருவியின் பெயர் கெட்டுவிடும். எல்லோரும் அழித்தார்கள். அழித்ததைப் பரிசோதனை மேடம் ஒவ்வொரு சீட்டாகப் போய்ச் சரிபார்த்தாள். இரண்டாவது உத்தரவு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது.

டைரக்டர், ஆர்க்கிடெக்ட், மேடம் மூன்று பேரும் மேஜைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம், என் லேப்டாப்போடு. அதன் திரை அவர்களும் பார்க்கும்படி சுவரில் தெரிந்தது. குற்றச்சாட்டை மேடம் படித்தாள். கருவி எழுதிய ஃபைல்களை நான் கையால் தொட்டேனாம். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், கெட்ட பெயர் இல்லாமல் போகலாமாம்.

நான் கையால் தொடவே இல்லை, கருவியை ஓட்டினேன், அது ஓடியது, ஃபைல்களை அழித்தது அதுதான் என்றேன்.

ஆர்க்கிடெக்ட் பொறுமையாக விளக்கினார். "கருவி நாலு வருஷமா ஓடிட்டுத்தான் இருக்கு. ஓடிட்டு இருக்கிற ஒண்ணு திடீர்னு நேத்து ஓட ஆரம்பிச்சதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? அது தர்க்கத்துக்கே விரோதம். அப்ப ஃபைல் எப்படிப் போச்சு? கைதான். வேற வழியே இல்லை."

"சார், அந்த ஃபோல்டர்ல கருவி எழுதுனது என் ஃபைல் ஒண்ணுதான்."

"ஒண்ணே ஒண்ணு மத்ததுலேர்ந்து வித்தியாசமா இருந்தா, சந்தேகம் எது மேல வரும்?" என்றாள் மேடம். "நாங்க எல்லாரும் கருவிக்குக் கட்டுப்பட்டு எவ்வளவு கஷ்டப்பட்டு டைப் பண்ணியிருக்கோம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வாக்கியம் குறிப்பில் வர வேண்டாம் என்றார் டைரக்டர்.

பிறகு அவர் பேசினார். நல்ல மனிதர், குரலில் கனிவு. "இங்க பாரும்மா. ஓடாதவரைக்கும் இந்தக் கருவியால யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. கிளையண்டுக்கும் சந்தோஷம், நமக்கும் விருது வருது. ஒரே ஒரு நாள் ஓடுச்சு, எத்தனை பேர் வயித்தெரிச்சல். நீ சின்னப் பொண்ணு. படிச்சிருக்க. ஆனா வேலை செய்யறதுக்கும் ஒரு நாசூக்கு வேணும்."

எதிரே அந்தக் குற்றச்சாட்டுத் தாள். பேனா. எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் ஒரு மிஷினை ஒழுங்காக ஓட்டியும் தற்காலிகம்.

சரி, கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். மூன்று பேரும் மூச்சு விட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு சந்தேகம் என்று லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். பொது மெஷினில் இருக்கும் அதே ஃபைல். எடுத்துப்போக வேண்டியவற்றில் இருந்த அந்த வரியை வெட்டினேன். மேலே கொண்டுபோய் ஒட்டினேன். சுவரில் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்டர் மேல் விரலை வைத்தேன், அழுத்தவில்லை.

"கருவி நாலு வருஷமா ஓடிட்டிருக்குன்னா, இன்னொரு தடவை ஓடினா ஒண்ணும் ஆகாது இல்ல சார்? ஆகலைன்னா தப்பு என்னோடதுதான். உடனே கையெழுத்துப் போட்டுடறேன்."

ஆர்க்கிடெக்ட் எழுந்துவிட்டார். அவரை அவ்வளவு வேகமாக யாரும் பார்த்ததில்லை. மேடத்தின் கை தானாக வாயைப் பொத்தியது. காலையில் அத்தனை பிரதியையும் நின்று அழிக்க வைத்தவள் அவள்தான்.

"வேண்டாம்மா" என்றார் டைரக்டர்.

"ஏன் சார்?"

ஏன் என்று சொல்ல முடியாது. சொன்னால் கருவி ஓடியதில்லை என்று ஆகும். சொல்லாவிட்டால் ஓடும். கம்பைல் ஆனால்தான் எழுதும், எழுதினால்தான் கம்பைல் ஆகும். இப்போது அவர்களுக்கும் புரிய ஆரம்பித்திருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு என்ன வேணுமாம்?" என்று டைரக்டர் மேடத்தைக் கேட்டார், நான் அந்த அறையிலேயே இல்லாதது போல. நானே சொன்னேன். இரண்டாவது போன் நம்பர் இருக்கும் அந்த ஃபைல் அப்படியே ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டும். என் வேலை நிரந்தரம் ஆக வேண்டும். குற்றச்சாட்டுத் தாளை நான் எடுத்துக்கொள்வேன், அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, வீட்டில் கணக்குப் போட உதவும்.

"ஆர்டரைக் கொடுங்க. கொடுத்துட்டு, அந்த விரலை எடுக்கச் சொல்லுங்க" என்றார் டைரக்டர் மேடத்திடம்.

மேடம் ஓடினாள். விரல் மரத்துப்போனது, மாற்று விரலை வைத்துக்கொண்டேன். டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "டைப் ஆகிட்டிருக்கும்மா, ரெண்டு நிமிஷம்" என்றார்.

"கையாலயா சார்?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆர்க்கிடெக்டை ஒரு பார்வை பார்த்தார்.

"கையாலதான்மா."

வீட்டுக்கு வந்து ஆர்டரை அப்பாவிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் கடைசிவரை பார்த்தார். அம்மா காலண்டருக்கு முதுகைக் காட்டி நின்றாள். அப்பா, நிரந்தரமாக்கும்படி அப்படி என்னம்மா செய்தாய் என்று கேட்டார்.

"ஒரு மிஷினை ஓட்ட மாட்டேன்னு சொன்னேன்பா."

அவர் குழம்பிப்போனார். "ஓட்ட மாட்டேன்னதுக்கா?"

"எங்க ஆபீஸ்ல அதுக்குத்தான்பா சம்பளம்."